நாட்றாம்பாளையம் போன குட்டை நாற்காலி

பழைய மரச்சாமானைப் பார்த்தால் என் மூளை, கரண்ட் போன மெஷின் மாதிரி நின்றுவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீடு சின்ன வீடு. அதற்குள் திறந்தால் மூட முடியாத அலமாரி ஒன்று, மூடினால் திறக்க முடியாத பெட்டி ஒன்று, மூன்று காலில் நின்றபடி நாலாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் மேசை ஒன்று. எல்லாம் என் தேர்வு. இத்தனைக்கும் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு போல்ட் தலைமுடி கனம் பெருத்திருந்தாலும் பிடித்து ஒதுக்கிவிடுவேன். அதே கண்தான் சனிக்கிழமை வந்தால் கரையான் தின்ற கட்டிலைப் பார்த்து, என்ன ஒரு வேலைப்பாடு என்று உருகும்.

போன ஆடியில் இந்தப் பைத்தியம் என் மாமியாரின் விளக்கோடு போய் மோதிக்கொண்டது.

அவர் இருப்பது அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்தில். காட்டை ஒட்டிய நிலம். யானை வந்து ராகியை மிதித்துவிட்டுப் போன ஒரு காலையில், ஊரே கூடி நின்று அங்கலாய்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மிச்சம் நிற்பதைக் கண்ணால் அளந்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் வருடத்தில் ஒரு நாள் மட்டும் யாரிடமோ பணிந்து உட்காருவார். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டோரம் இருக்கும் குலதெய்வத்துக்கு மாவிளக்கு. கூரையில்லாத கோயில். தரையில் நட்ட கல்தான் அம்மன். விளக்கு வைத்தவர் திரி அணையும்வரை வெறும் மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும். அணைந்ததும் எழுந்து மூன்று சுற்று சுற்ற வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் திரி அணைந்தது. அத்தையால் எழ முடியவில்லை. முட்டி மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. நானும் மச்சானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். தூக்கியதோடு விட்டிருக்கலாம். சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாமே என்று நான் "ஐலசா" போட்டேன். ஊர் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

போன ஆடி பிறந்ததும் என் மனைவிக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"வௌக்க நீயே வெச்சிரு. என்னைய நாலு பேரு தூக்கறதுக்கு இன்னும் நாளிருக்குது."

பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரலாமே என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அம்மன் மண்ணில் இருக்க, தான் நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் குனிந்து பார்ப்பதா என்று மறுபக்கம் கேட்டது. அதோடு போன் வைக்கப்பட்டது. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஒரு ஆடியும் விடாத விளக்கு. அதை மகள் கையில் கொடுக்கிறார் என்றால், இனிமேல் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று அர்த்தம். மனைவி சமையலறைக்குப் போய் வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் அறிவித்தேன்: அம்மனுக்கு மரியாதைக் குறைவு வராத அளவுக்குக் குட்டையாக, அத்தைக்குத் தரை படாத அளவுக்கு உயரமாக ஒரு நாற்காலியை நான் கண்டுபிடிப்பேன். மனைவி மூன்று கால் மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சனிக்கிழமை குந்தாரப்பள்ளிக்குக் கிளம்பினோம். அந்த ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த மாட்டுச் சந்தைக்கு அல்ல. நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பெங்களூரில் இடிக்கிற பழைய வீடுகளின் சாமான்கள் லாரி லாரியாக வந்து இறங்கும் தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. எனக்கு அது சொர்க்கம். வீடில்லாத கதவுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். மாடியில்லாத மாடிப்படி ஒன்று ஆகாயத்தைப் பார்த்து ஏறி நிற்கும். சும்மா நிற்கும் நிலைச்சட்டத்தில்கூட நான் தலை குனிந்துதான் நுழைவேன். அதைச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கொட்டகையின் மூலையில் அது இருந்தது. கருத்த மரம். உட்காரும் பலகை தரையிலிருந்து ஒரு சாண்தான். முதுகுப் பலகையோ என் இடுப்புக்கு மேல். அதன் உச்சியில் சாய்வாக ஒரு சின்னப் பலகை. உட்காரும் பலகையில் அருகருகே இரண்டு குழிவுகள், தேய்ந்து வழவழவென்று.

நான் மனைவிக்கு விளக்கம் கொடுத்தேன். எவளோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழிவுகள் இவை, ஆள் ஒல்லி, அதனால்தான் இரண்டும் இவ்வளவு சின்னது என்றேன். மேலே இருக்கும் சாய்வுப் பலகை கழுத்துக்கு என்றேன். உட்கார்ந்தும் காட்டினேன். முட்டி இரண்டும் மோவாயை இடித்தன. கழுத்துப் பலகை என் பின்மண்டையை முட்டியது. அற்புதம் என்றேன். கடைக்காரர் பாவம், அது எதற்கென்று தனக்கே தெரியாது, கனம் மட்டும் ஜாஸ்தி என்று உள்ளதைச் சொன்னார்.

பேரம் என் மனைவியின் இலாகா. அதை நான் பக்கத்தில் நின்று கச்சேரி மாதிரி கேட்பேன். கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்தார். இவளும் கன்னடத்தில் போனாள். எங்களுக்குப் புரியக்கூடாது என்று அவர் கூட்டாளியிடம் தெலுங்கில் ஏதோ ரகசியம் பேசினார்; கூட்டாளி வாய் திறப்பதற்குள் இவள் தெலுங்கில் பதில் சொன்னாள். மனுஷன் ஒரு நிமிடம் மேலே தகரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தமிழுக்கு வந்துவிட்டார். சேலத்துக்காரனான நான் மூன்று மொழியிலும் தலையாட்டியதோடு சரி.

ஞாயிறு விடிகாலை நாற்காலியைக் கார் மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தேன்கனிக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். பஸ்ஸுக்கு நின்றிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, இதை எந்தச் சர்ச்சுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். சர்ச்சுக்கு இல்லை, எங்கள் அத்தை உட்காருவதற்கு என்றேன் பெருமையாக.

அவர் எட்டி, அந்தக் குழிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இது ஒக்கார்றதுக்கு இல்லைங்க சார். இதுல முட்டி போட்டு, முழங்கைய மேல வெச்சு ஜெபம் பண்ணுவாங்க. ரொம்பப் பழசு போல. எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க."

துரைசானியைப் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவு எனக்கு வரிவரியாக ஞாபகம் வந்தது. மனைவி டீக்கடைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அஞ்செட்டி மலைப்பாதை முழுக்க எனக்கு ஒரே யோசனை. பிளாஸ்டிக் நாற்காலியையே ஒப்பாதவர். வேறொரு சாமியின் வீட்டுச் சாமானை அம்மன் முன்னால் கொண்டுபோய் வைத்தால் என்ன சொல்வார்? வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றாள். சாமி விஷயத்தில் அம்மாவை ஏமாற்ற மாட்டாளாம்.

வாசலில் இறக்கி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், துரைசானி உட்பட. எப்படியும் உட்காரலாம் அத்தை என்று நானே மறுபடி உட்கார்ந்து காட்டினேன். உட்கார்ந்தது சுலபம், எழுவதற்கு மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது. அத்தை அதையும் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முட்டி போட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்?

மனைவி மேல் பலகையைத் தொட்டுக் காட்டினாள். அத்தை அதில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரத்தை மொத்தமாக இறக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. மெல்லக் குனிந்து குழிவுகளை விரலால் தடவினார்.

"எத்தன பேரு என்னென்ன வேண்டிக்கிட்டு எந்திரிச்சாங்களோ."

அவ்வளவுதான். மகள் இடித்துக் கொண்டுவந்திருந்த மாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுப்பு மேடையருகே நின்றபடி தானே வெல்லம் போட்டுப் பிசைய ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோயிலில் நாற்காலியை அம்மனுக்கு நேரே வைத்தேன். அத்தை அதை நகர்த்தித் தன் வலப்பக்கம் போடச் சொன்னார். மேல் பலகையைப் பிடித்து, பிறகு கீழ்ப் பலகையைப் பிடித்து, மெதுவாக இறங்கி, எல்லா ஆடியிலும் போல வெறும் மண்ணிலேயே உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு உட்காருவதில் ஒரு நாளும் சிக்கலில்லை. யாரும் தூக்காமல் எழுந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

காற்று அடித்தது. திரி சாய்ந்து சாய்ந்து எரிந்து ஒருவழியாக அணைந்தது. பார்க்காதது மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். மச்சான் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு நின்றான். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வாயை நம்ப முடியாது.

அத்தை பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையை அந்தக் குழிவுக்குள் ஊன்றினார். இன்னொரு கை மேல் பலகையைப் போய்ப் பற்றியது. மரம் ஒரு முனகல் முனகியது. ஒரு கால் நின்றது. கொஞ்சம் மூச்சு. அடுத்த கால். புடவையை உதறிக்கொண்டு, என்னவோ தினமும் செய்கிற வேலை மாதிரி, சுற்றப் போய்விட்டார். முட்டியிலிருந்து எழுபவர்களை எவ்வளவு காலமாகத் தாங்கி நின்ற மரமோ, எந்த அம்மன், எந்த மொழி என்று கேட்காமல் இவரையும் தாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு மற்ற பெண்களும் வந்தார்கள். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதை நகர்த்திப் போட்டுக்கொண்டார். இது எந்த ஊர்ச் சாமான் என்று ஒருவர் கேட்க, அத்தை ஒளிக்காமல் சொன்னார். அதனாலென்ன, சாமிகிட்ட இருந்ததுதானே என்று அந்தப் பெண்மணி தன் விளக்கைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெயில் இறங்கியது. யானை நடமாடும் வழி. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் பழைய பைத்தியம் மெல்லத் தலை தூக்கியது. எங்கள் வீட்டில் மூன்று கால் மேசைக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு இடம் இருப்பது ஞாபகம் வந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, ஜன்னலோரம் வைத்தால்? காரிலிருந்து கயிற்றை எடுத்து வந்து நாற்காலிக் காலில் முதல் சுற்றுச் சுற்றினேன். மாவிளக்கு மாவைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தையிடம், பத்திரமாக வீட்டில் வைத்திருந்து அடுத்த ஆடிக்கு நானே கொண்டுவந்து தருகிறேன் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன்.

அவர் கோயில் பாத்திரம் வைக்கும் தகரக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"கயித்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க, மாப்ள."