கோர்ட்டு கலையுறதுக்குள்ள ஒரு மன்னிப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி, கை அதைவிட வேகம். இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் பட்டாசு ஊருக்கு நடுவுல ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுல இருவது வருசமா டைப்பிஸ்ட்டாக் குப்பை கொட்டுறேன். "அந்தம்மாகிட்டக் குடுங்க, அஞ்சு நிமிசத்துல முடிச்சிரும்"னு வக்கீல்மாரு சொன்னா ஒரு காலத்துல எனக்குத் தலைகால் புரியாது. இப்பம் யாராவது அப்படிச் சொன்னா, தாளைத் திருப்பி முதல்ல இருந்து வாசிக்கிறேன்.

கோர்ட்டை அவமதிச்சா என்னமோ ஏதோன்னு வெளிய எல்லாருக்கும் பயம். பெரிய விசயம்னா மதுரை ஹைகோர்ட்டுக்கு எழுதி அனுப்பணும், அது வேற கதை. மாஜிஸ்திரேட் ஐயா முகத்துக்கு நேரா ஒரு ஆள் சத்தம் போட்டுட்டான்னு வைங்க, அன்னைக்குக் கோர்ட்டு கலையுறதுக்குள்ள இங்கனயே முடிச்சிரலாம். விளக்கம் கேப்பாக, அபராதம் போடுவாக, கட்டலேன்னா ஜெயில். முக்காவாசி அது வரைக்கும் போகாது. மன்னிப்பு எழுதி வாங்கிட்டு விட்டுருவாக. அந்த மன்னிப்பு என் கம்ப்யூட்டர்ல எப்பவும் ரெடியாக் கிடக்கும். என்னைக்கோ ஒரு குடிகாரன் உள்ள வந்து ஐயாவைக் கன்னாபின்னான்னு ஏசினப்ப நான் அடிச்சது. பேரையும் தேதியையும் மாத்துனாப் போதும்.

அப்படி ஒருநாள் சத்தம் போட்டு மாட்டுன ஒரு அக்காவுக்கு ஊரு தாயில்பட்டிப் பக்கம். கூடப் பிறந்த தங்கச்சி பட்டாசு ஆலையில தீயில போயிட்டா. சீசன் நேரம், லைசென்சுக்கு மேல ஆள வச்சு வேலை. ஆபீசர் வர்றாகன்னு போன் வந்ததும் கூடுதலா இருந்த ஆளுகளை ஒரு ரூம்ல விட்டு ஃபோர்மேன் வெளிய பூட்டியிருக்கான். தீப்பிடிச்சது அந்த ரூம்லதான். பூட்டுனதைப் பாத்தது எதுத்த ஷெட்டுல நின்ன அக்கா மட்டும். உள்ள இருந்து கதவைத் தட்டுன சத்தத்தையும் கேட்டிருக்காக. போலீஸ் கவனக்குறைவுன்னு போட்ட கேசு, அந்த ஒத்தைச் சாட்சியை நம்பித்தான் நின்னுச்சு.

சாட்சி சொல்ல வந்தாலே வாய்தா. ஃபோர்மேனுக்குக் காய்ச்சல்னு அன்னைக்கும் மனு. அஞ்சாவது தடவையா வேலையை விட்டுட்டு வந்த அக்கா எந்திரிச்சுக் கத்திட்டாக. "நான் கண்ணால பாத்தேன்யா, அவன்தான்யா பூட்டுனான்! எந்தங்கச்சி தட்டுனா, யாரும் தொறக்கலய்யா! அவுககிட்ட எம்புட்டு வாங்கிக்கிட்டு இப்படி இழுத்தடிக்கீக?"

கடைசி வார்த்தை ஐயாவைச் சுட்டுருச்சு. பச்சைத் தண்ணிகூட அடுத்தவுககிட்ட வாங்கிக் குடிக்காத மனுசன். முகம் செவந்து போய், "இந்தம்மாவைக் கஸ்டடியில வையுங்க"ன்னுட்டார்.

சாப்பாட்டு நேரத்துல அந்த மன்னிப்புல பேரையும் தேதியையும் மாத்தி எடுத்துக்கிட்டு நானாத்தான் போனேன், யாரும் அனுப்பல. வராந்தா பெஞ்சுல போலீஸ்காரம்மா பக்கத்துல உக்காந்திருந்தாக. "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வீட்டைப் பாக்கப் போங்கக்கா"ன்னேன்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"ஐயாவைப் பேசுனது தப்புதானக்கா."

தங்கச்சி மக பள்ளிக்கூடம் விட்டு வந்து தேடும்னாக. தாளைக் கையில வாங்கி, "இதுல என்ன எழுதியிருக்கு தாயீ?"ன்னு கேட்டாக. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிஞ்சவுகதான். எனக்குப் பொறுமை இல்ல. "ஒண்ணுமில்லக்கா, வழக்கமா எழுதுறதுதான்"னு கையெழுத்துப் போடுற இடத்துல விரலை வச்சேன். போட்டுட்டாக. ஐயாவும் மனசு இறங்கி, "இனிமே பாத்துப் பேசும்மா"ன்னு விட்டுட்டார். ஒரு பொம்பளையை ஜெயிலுக்குப் போகாமக் காப்பாத்திட்டோம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஆமத்தூர் பஸ் ஏறினேன்.

அடுத்த வருசந்தான் அக்கா கூண்டுல ஏறுனாக. அதுக்குள்ள அந்த ஐயா மாறுதலாகிப் போயிட்டார். புதுசா வந்தவருக்குத் தாள்ல இருக்குறது மட்டுந்தான் தெரியும். குறுக்கு விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நகலை நீட்டினார். நான் அடிச்ச தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்கய்யா."

"'இன்று நீதிமன்றத்தில் நான் கூறியவை யாவும் பொய்யானவை.' நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. ஃபோர்மேன் பூட்டுனதைப் பாத்தேன்னு நீங்க கத்துனதும் அன்னைக்குத்தானே?"

அடிப் பாவி, அது குடிகாரனுக்காக நான் எழுதுன வரி! ஐயாவைப் பேசுன ஒரு வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கியிருந்தாப் போதும். அக்கா வக்கீலைப் பாக்கல, என்னைப் பாத்தாக. ரெண்டு பேருக்கும் நடுவுல மூணடி தூரங்கூட இல்ல. எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலைக்கு உலை வச்சிருவாகளேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவுக "ஆமா"ன்னு சொன்னாக. அதையும் நான்தான் டைப் அடிச்சேன். அரசு வக்கீல் திருப்பி ஒரு கேள்வி கேட்டு அக்காவை விளக்க வச்சிருக்கலாம், அவரும் மறு விசாரணை இல்லைன்னுட்டார்.

ஃபோர்மேன் விடுதலை. அந்த வாரமே சர்ச்சுக்குப் போயி சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். மூணு தடவை அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். அம்புட்டுத்தான், எனக்கும் ஒரு ஃபாரம். அதுல இருந்து வீட்டுல குளிக்கிற ரூமுக்குக்கூட நான் தாழ் போடுறதில்ல. பக்கத்து வீட்டுல யாராவது கதவைத் தட்டினா எந்திரிச்சு ஓடுறேன். என் வீட்டுக்காரர் பைத்தியம்ங்கார். இருக்கட்டும், அந்தச் சத்தத்தை அவரு கேக்கல. நானும் கேக்கலதான், ஆனா கேக்குது.

தீர்ப்பு நகல் வாங்க அக்கா வந்தாக. திட்டுவாகன்னு நெனச்சேன், திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். தாளை என் மேசையில விரிச்சு, "வாசிங்க தாயீ, ஒரு எழுத்து விடாம"ன்னாக.

வாசிச்சேன். 'சாட்சி தாம் கூறியது பொய் என்று தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதால் அவரது சாட்சியம் நம்பத்தகுந்ததல்ல' என்ற இடம் வந்ததும் நிறுத்திட்டேன்.

"பொய்க்காரின்னு என்னையா சொல்லுது?"

"ஆமாக்கா."

தாளை மடக்கி மடியில வச்சுக்கிட்டாக. கோவம் ஒண்ணும் இல்ல. வெவரம் தெரிஞ்சவகிட்ட வெவரம் கேக்குற மாதிரிதான் கேட்டாக.

"அப்பம் அந்தக் கதவை யாருதான் பூட்டுனாகன்னு எழுதியிருக்கு?"