ரிப்பனுக்குப் பின்னால் ஈசிஜி

இன்று பள்ளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் மருத்துவ வேன் தொடக்க விழா. மைக்கைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வேன் கதவுக்குக் குறுக்கே, கட்சித் தலைவர் வந்து வெட்டவேண்டிய ரிப்பன். வெளியே ஒருவர் வியர்த்துக் கொட்ட, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ஏத்துங்க, ஈசிஜி எடுக்கணும்" என்றார் நர்ஸ்.

"தலைவர் பிள்ளையார்பட்டி தாண்டிட்டாக, அஞ்சு நிமிசம் பொறுங்கம்மா" என்றார் விழாக்காரர்.

"நெஞ்சு வலி தலைவருக்கா, இவருக்கா?"

போன வருடம் இதே ஊரில்தான் என் மனைவி ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தே இறந்தாள்.

கையிலிருந்த வயர் கட்டரால் ரிப்பனை வெட்டினேன். ஈசிஜி பார்த்ததும் அவரோடு வேன் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது.

பிறகு வந்த தலைவர் என்னிடம் கேட்டார்: "ஒனக்கு அப்படி என்னப்பா அவசரம்?"

என் மனைவிக்கு மாலை போட மட்டும் சரியான நேரத்துக்கு வந்த மனிதர் இவர்.

நீங்களே சொல்லுங்கள், என்ன பதில் சொல்வது?