ஆட்டுக் கொட்டகையும் காலி இடமும்

எங்கள் பட்டாசு ஆலையை ஆட்டுக் கொட்டகை என்று எவனோ வரைபடத்தில் எழுதிவிட்டான். அதுவும் பயன்பாட்டில் இல்லாத ஆட்டுக் கொட்டகை! சிவகாசிக்கு மேற்கே இருக்கும் அந்த ஆலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது போர்மேன், அதாவது நாற்பது பெண்களை மேய்க்கிறவள். "அப்ப அவன் எழுதுனதுல பாதி சரிதானம்மா" என்று முதலாளி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிரிக்கிற விஷயமா அது? பக்கத்தில் சோலார் பண்ணை ஒன்று வருகிறது. அங்கிருந்து மின்சாரம் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பி எங்கள் ஆலைக்கு நேர் மேலே போவதாகக் கோடு போட்டிருந்தார்கள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்கு மேலே கம்பி போனால் லைசென்ஸ் ரத்து. லைசென்ஸ் போனால் நாற்பது பேருக்கும் எனக்கும் வேலை போச்சு.

அவன் எப்படி ஏமாந்தான் என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் அறைகள் சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித்தான் இருக்கும். ஒன்றில் விபத்து நடந்தால் மற்றது பிழைக்க வேண்டுமே. நடுவே வேப்ப மரங்கள். அளவெடுக்க வந்தவர்கள் தீபாவளி முடிந்து ஆலையைப் பூட்டியிருந்த நாட்களில் வந்திருக்கிறார்கள். ஆளில்லை, சத்தமில்லை, மர நிழலில் இரண்டு ஆடு. எழுதிவிட்டார்கள்.

அந்தப் பண்ணைக்குக் கடன் கொடுத்தது வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்று. தங்கள் கடனால் யாருக்காவது பாதிப்பு வந்தால் நேராகத் தங்களுக்கே எழுதலாம், தமிழிலும் எழுதலாம் என்று அவர்கள் ஒரு போர்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பண்ணைக்காரர்களும் வைத்திருந்தார்கள், ஜெனரேட்டருக்குப் பின்னால். அவசரத்துக்கு அங்கே ஒதுங்கப் போன எங்கள் வேன் டிரைவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகிவிடும். மூன்று பக்கம் முத்து முத்தாக எழுதினேன். "ஐயா, ஆடுகளுக்கு யாரும் பி.எஃப். பிடிப்பதில்லை" என்று முடித்தேன்.

கடிதத்தைக் குப்பையில் போடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆள் வந்துவிட்டது! வங்கியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, அவருக்கு மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண், கூடவே பண்ணைக் கம்பெனியின் அதிகாரி. கேட்டில் நான் நின்றேன். கலெக்டரே வந்தாலும் எங்கள் கேட்டில் செல்போன், வாட்ச், செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"மேப்பு லேப்டாப்லதான் இருக்கு" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார். ரெண்டும் சேந்து இங்கனயே இருக்கட்டும்."

அந்த அம்மா போட்டிருந்தது வழுவழுவென்று நைலான் துணி. உரசினால் பொறி வரும், ஆகாது. என்னிடம் மாற்றுக்கு வைத்திருந்த பருத்திச் சேலையை நானே கட்டிவிட்டேன். பாவம், கொசுவத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடச் சொன்னதும் கோயில் வாசற்படியைத் தொடுவதுபோலக் குனிந்து தொட்டார். எங்கள் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மேப் கேட்டிலேயே நின்றுவிட்டதால் வேப்பங்குச்சியை எடுத்துத் தரையில் நான் வரைந்தேன். எந்த அறையில் என்ன வேலை, எந்த அறையில் யார் உட்காருகிறாள், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா பென்சிலால் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில், "அப்படியானால் கம்பி எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்டார்.

என்னைப் போய் ஒரு வங்கியே கேட்கிறது! தலைகால் புரியவில்லை எனக்கு. குச்சியை நீட்டினேன். "ஓடைக்கு அங்கிட்டுப் போகட்டும். வெறும் கருவேலங்காடு. அம்புட்டும் காலியாத்தான் கெடக்கு."

அதையும் எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. கம்பி எங்கள் ஆலைக்கு மேலே வராது, பாதை மாறுகிறது. அன்றைக்கு முதலாளி சாத்தூர் சேவு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். "ஆடெல்லாம் வரிசையா வாங்க" என்று நானே கூப்பிட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒருத்தி கேட்டில் வந்து நின்றாள். கை, கால், சேலை எல்லாம் கரி. ஓடைக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி எரித்துக் கரி எடுத்து விற்கிறவள். அவள் போடுகிற மூட்டத்தின் புகையைத் தினமும் வேனிலிருந்து பார்ப்பேன்.

"யக்கா, எங்க மூட்டத்துக்கு நடுவுல கல்லு நட்டுட்டுப் போயிருக்காக. மரத்த எல்லாம் வெட்டுவாகளாம். கம்பிக்கு அடியில இனிமே தீ மூட்டக் கூடாதாம். கேட்டா, காலி எடம்னு ஒங்க கம்பெனியிலதான் சொன்னாகளாம். எந்த எடுபட்டவக்கா சொன்னது?"

வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. விழுங்கிவிட்டேன். "நாந்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "தெனமும் நான் கையாட்டுனா வேன்லருந்து நீங்களும் ஆட்டுவீகளே" என்றாள். "ஒங்களையாச்சும் ஆட்டுக் கொட்டகைன்னு எழுதுனாக. என்னைய நீங்க ஒண்ணுமே இல்லைன்னுல்ல சொல்லிட்டீக."

வெட்கமாக இருந்தது. அந்த வரைபடக்காரனாவது பூட்டிய ஆலையைப் பார்த்து எழுதினான். அவளை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து, அதே வங்கிக்கு எழுத ஆரம்பித்தேன். இந்தத் தடவை எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"என்ன எழுதிருக்கீக? வாசிங்க" என்றாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் காலி இடம் என்று உங்களிடம் சொன்னது நான்தான். அது பொய். அங்கே ஆள் இருக்கிறது."

"சரி, மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.