நச்சுவாயுக்காரருக்கு ஒரு ரோஜா மாலை

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மாசாய் ஊரில் எங்கள் குடியிருப்புக் கோயில் மண்டபத்தில், டியூஷன் பிள்ளைகளுக்காக அறிவியல் கண்காட்சி வைத்தோம். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் அறிவியலுக்கும் சமாதானத்துக்கும் உலகப் பரிசு வாங்கிய ஜெர்மன்காரர்கள், இதுதான் எனக்குக் கொடுத்த மேசைக்குத் தலைப்பு. மூன்று வாரம் படித்து, படம் தேடி, ஒவ்வொரு படத்துக்குக் கீழும் என் கையாலேயே தமிழில் எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு எதைத் தொடங்கினாலும் குத்துவிளக்கு ஏற்றி, படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டால்தான் மனசு ஆறும். அதில் எனக்கும் குறையில்லை.

காலையில் குடியிருப்புச் சங்கத் தலைவர் வந்து மேசையைப் பார்த்தார்.

"இது யாரு லா, ஜெயில் உடுப்புல?"

"சமாதானப் பரிசு வாங்கினவருண்ணே, பத்திரிகைக்காரர். அவங்க நாடு போர் முடிஞ்சு போட்ட ஒப்பந்தத்த மீறி ரகசியமா விமானப்படை கட்டுறத வெளிய சொன்னாரு. அதுக்கு உள்ள போட்டாங்க. அப்புறம் வந்த ஆட்சி வதைமுகாம்ல அடைச்சிருச்சி."

"அப்ப சொந்த நாட்டயே காட்டிக் குடுத்தவன். கோயில் மண்டபம்மா இது, பிள்ளைங்க கண்ணுல படக்கூடாது."

படத்தைக் கழற்றிக் குப்புறப் போட்டார். சொல்லும்போது அவர் பார்வை என் மேல் இல்லை. பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மேல் இருந்தது.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையில், முகமூடிகூட இல்லாமல் ஆட்களை ரசாயனத் தொட்டிக்குள் இறக்கிக் கழுவ வைத்தார்கள். லேபர் ஆபீசில் புகார் கொடுத்தார். வேலை போயிற்று. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம், திங்கட்கிழமைக்குள் சொல்லு என்று ஒரு கடிதம் வந்திருந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அந்தத் தொட்டியில் இறங்கியவர்களில் தலைவரின் சொந்தத் தம்பியும் ஒருவன். இன்றைக்கும் நாலு படி ஏறினால் இருமி இருமிச் சாகிறான். ஆனால் தலைவர் கணக்கில், புகார் கொடுத்து எல்லார் சோற்றிலும் மண்ணைப் போட்டவர் என் வீட்டுக்காரராம்!

விளக்கு ஏற்றியாயிற்று. இருக்கிற படங்களிலேயே கம்பீரமான ஒன்றைத் தலைவர் தேடினார். வழுக்கைத் தலை, கோட்டு, மூக்குக்கண்ணாடி. பொட்டு வைத்து ரோஜா மாலையைப் போட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். காற்றிலிருந்து உரம் செய்ய வழி கண்டுபிடித்த விஞ்ஞானி அவர். முதல் போரில் நச்சுவாயுவைப் போர்க்களத்தில் இறக்கியவரும் அவரேதான். இரண்டையும் படத்துக்குக் கீழே எழுதித்தான் வைத்திருந்தேன். படித்தால்தானே!

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, கீழ இருக்கிறதப் படிங்க. விஷவாயு விட்டவருக்கு மாலை, உண்மையச் சொன்னவரு குப்புறக் கிடக்கணுமா? இதான் நம்ம ஞாயமா?"

"அலமாக், ஐயோ, விடுங்கக்கா, நல்ல நாளும் அதுவுமா" என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள்.

நல்ல நாளாம் நல்ல நாள்! கவிழ்ந்து கிடந்த படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். என் வீட்டுக்காரரும் கூடவே வந்தார்.

சாப்பாட்டு மேசையில் படத்தை வைத்தேன். அதன் பக்கத்திலேயே அவர் கடிதத்தையும் பேனாவையும் வைத்தார். படத்தைக் கையில் எடுத்தார்.

"இவர்கிட்டயும் எழுதிக் குடுன்னு கேட்டாங்களா?"

"பரிசு வேணாம்னு சொல்லச் சொல்லி நெருக்குனாங்க. காசநோயில ஆஸ்பத்திரில கிடந்தாரு. வாங்கிக்குவேன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் விட்டாங்களா?"

விட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். போதும், கையெழுத்துப் போட்டுத் தொலையுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். நாலு மாதமாக வீட்டில் முடங்கிக் கிடக்கிற மனுஷனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. இரண்டுக்கும் வாய் வரவில்லை.

"இல்லங்க. காவல்லயே செத்துட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"உன் தங்கச்சிகிட்ட நாளைக்கு காடி கேளு. தலைவரு தம்பிய நெஞ்சு எக்ஸ்ரேக்குக் கார்லதான் கூட்டிட்டுப் போகணும். மோட்டார் சைக்கிள்ல உக்காந்தா அந்தப் பையனுக்கு மூச்சு முட்டும்."