மஞ்சள் தவளைகள் கடந்த சாலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் கைபேசியில் மழைச்சத்தத்தை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டாள். மழையோடு தவளைகளும் கத்தின. “என்னம்மா இது?” என்றேன். “தூக்கம் வர்றதுக்குப்பா” என்றாள். அவள் தூங்கிவிட்டாள், எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது. அந்தத் தவளைகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே சீராகக் கத்தின. எங்கள் பக்கத்துத் தவளைகளுக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

அவள் பிறப்பதற்கு முந்தைய வருஷம், கும்பகோணத்திலிருந்து வயல்களுக்கு நடுவே போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். கண்டக்டர் என்றுதான் பெயர், விசில் ஊதினால் காற்றுதான் வரும். அதனால் பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டியே காலத்தை ஓட்டினேன். டிரைவர் மாணிக்கம் அண்ணன் ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். மழை நாளில் அந்த பஸ்ஸுக்குள் ஒரு வாசனை இருக்கும். நனைந்த சாக்கு, டீசல், வாழை நாரில் கட்டிய வெற்றிலை எல்லாம் சேர்ந்த வாசனை. இன்றும் எங்காவது அது மூக்கில் பட்டால் கை தானாகத் தோள்பையைத் தேடுகிறது.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த சாயங்காலம் அது. பஸ் நிறைய ஜனம். ஓரிடத்தில் சாலைக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்காலும் குட்டையும். அங்கே வந்ததும் அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையே அசைந்துகொண்டிருந்தது. வயலிலிருந்து ஏறி, தாரைக் கடந்து, குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தன தவளைகள். முதல் மழைக்கு ஆண் தவளைகள் மஞ்சள் பூசிக்கொள்ளும். பழுத்த மாம்பழங்கள் தாமாகத் தத்திப் போவதுபோல இருந்தது. நடுநடுவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மாதிரி தேரைகள் நிதானமாக நடந்தன.

“தவளைக்கும் டிக்கெட் போட்டாச்சா கண்டக்டரே?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அதட்டல் ஆரம்பித்தது. “வண்டிய எடுங்கய்யா, வீட்டுக்குப் போக வேணாமா?”

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. “தம்பி, இறங்கி ஓரமா ஒதுக்கி விடு. மெதுவா வர்றேன்” என்றார்.

பஸ் கூட்டும் விளக்குமாற்றோடு இறங்கினேன். நடவு வேலை முடிந்து ஏறியிருந்த ராஜாத்தி அக்கா மழைக்குக் கொங்காணியாக மடித்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே இறங்கினார். “முட்டை போடப் போவுதுங்க. குட்டைக்குப் போவ இத விட்டா வேற வழி ஏது அதுங்களுக்கு?” என்றார். நான் விளக்குமாற்றால் தள்ள, அவர் இரு கையாலும் அள்ளி விட, பின்னால் பஸ் யானைபோல அடியெடுத்து வந்தது. கல்யாண ஊர்வலத்தில்கூட நான் அவ்வளவு பெருமையாக முன்னால் நடந்ததில்லை.

அரைமணி நேரத் தாமதம். மறுநாள் முதலாளி கூப்பிட்டார். டயர் பஞ்சர் என்று சொல்லிவிடலாம் என்றேன். “எதுக்குப் பொய்? தவளைக்கு நிறுத்துனேன்னு நான் சொல்லிக்கிறேன்” என்றார் அண்ணன். சொல்லவும் செய்தார். முதலாளி என்னைப் பார்த்து, “நீயும் சேர்ந்துதான் ஆடுனியா?” என்றார். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். “அண்ணன்தாங்க இறங்கச் சொன்னாரு” என்றேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றோடு அண்ணனைப் பட்டுக்கோட்டை வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என் தோளைத் தட்டி, “வீட்டப் பாத்துக்க” என்றார், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்குப் புது டிரைவர் நிறுத்தவில்லை. சக்கரத்தடியில் கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அது காதில் விழாமலிருக்க, காரணமில்லாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். காலையில் அந்த இடம் முழுக்கக் காக்கைகள். ராஜாத்தி அக்கா ஏறினார். சில்லறையை என் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். “மழை வந்துச்சே, அதுங்க வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுண்ணே. ஒதுக்கி விட்டுத்தான் போனோம்” என்றேன். அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லலாமென்றால் அவர் இல்லை.

வருஷா வருஷம் மழைக்கு மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் சுவர் வைத்தார்கள். ஒரு மழையில் ஒரு தேரை பாதிச் சாலையைக் கடந்துவிட்டு அந்தச் சுவரில் முட்டி முட்டி, அதன் ஓரமாகவே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுபக்கம் குட்டையையும் தூர்த்துவிட்டார்கள் என்று அதற்கு யார் சொல்வது?

போன ஐப்பசியில் முதல் மழைக்குக் குடையோடு அங்கே போய் நின்றேன். வயலில் தண்ணீர் மினுங்கியது. லாரிகளும் கார்களும் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தன. இருட்டும்வரை பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. தார் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது.