பார்வதம் வீடு வந்து சேர்ந்த வழி

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், படூர் அருணகிரி தன் தண்ணீர் லாரியைத் தையூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றருகே நிறுத்தினார். டேங்க் நிரம்பும்வரை கண்ணை மூடலாம் என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். டேங்க் நிரம்பி, வழிந்து, சக்கரத்தைச் சுற்றிச் சேறானது. தண்ணீர் வீணாகிறதே என்று மோட்டார்க்காரர் கத்திக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். அருணகிரி எழுந்திருக்கவில்லை. அறுபத்திரண்டு வயது.

அந்த நேரம் அவர் மனைவி பார்வதம் டொரொண்டோவில், மகள் பூங்கொடியின் வீட்டில் இருந்தாள். பிரசவம் பார்க்கப் போனவள். ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை. பிறந்து பத்தொன்பது நாள்.

பார்வதம் கல்யாணமாகிப் படூருக்கு வந்தபோது மாமனாருக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. ஏழெட்டு வருஷம் அதில் நாற்று நட்டாள். நிலம் கைமாறி அங்கே அடுக்குமாடி எழும்பியதும் அருணகிரி அதே மாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். இவள் ஒரு கல்லூரி விடுதியில் சமையல்கட்டு வேலைக்குப் போனாள். பதினேழு வருஷமாக அதே வேலை. மகன் குமார் நாவலூரில் ஒரு ஆபீசில் ஏசி மெக்கானிக். மகளைப் படிக்க வைத்தார்கள். அவள் கனடா வரை போனாள். பாஸ்போர்ட் எடுத்தபோது பார்வதத்துக்கு ஐம்பத்தாறு வயது. அருணகிரி எடுக்கவில்லை. "எனக்கெதுக்கு? நான் லாரியில போற எடத்துக்கு அதெல்லாம் கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமைதான் போன் செய்திருந்தார். கையிலிருந்த சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, அவள் வாங்கி வைத்துப் போன மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பார்வதம், "பீரோவுல பாரு. கனடா வந்தும் உன் தொல்லை தீரலையா எனக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதுதான் அவரோடு அவள் கடைசியாகப் பேசியது.

செய்தி வந்ததும் பூங்கொடி, நானும் வருவேன் என்று அழுதாள். தையல் ஆறவில்லை, குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் வரவில்லை. "பச்சப் புள்ளைய வுட்டுட்டு எங்கடி வருவ? நீ படு. அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாள் பார்வதம். மருமகன் தீனதயாளன் அன்றைக்கே டிக்கெட் எடுத்தான். ஒரு மாற்றுப் புடவையைக் கைப்பையில் திணித்து, மற்றதைப் பெட்டியில் போட்டு, விமான நிலையத்தில் ஒரு கோடு வரை வந்தான். அதற்கு மேல் அவனை விடவில்லை. வழி தவறக் கூடாதென்று சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தான். "காலு நல்லாத்தான கீது எனக்கு?" என்று பார்வதம் முதலில் உட்கார மாட்டேன் என்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

விமானம் மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு பனி கொட்டத் தொடங்கியது. இறக்கைமேல் படிந்ததை ஏதோ மருந்துத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். கிளம்ப முறை வருவதற்குள் மறுபடி படிந்தது. ஐந்து மணி நேரம் விமானம் தரையிலேயே நின்றது. ஒலிபெருக்கியில் சொன்ன எதுவும் பார்வதத்துக்குப் புரியவில்லை. இன்னும் கிளம்பவில்லை என்பது மட்டும் புரிந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். பெயர் சிவகௌரி, கொழும்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள்.

"அம்மா தமிழோ? எவ்விடம் போறியள்?"

"மெட்ராஸ் பக்கம். படூரு."

சிவகௌரி அவள் நெற்றிப் பொட்டையும் கை வளையலையும் பார்த்தாள். "ஐயா வரேல்லையோ?"

"வூட்டுல கீறாரு" என்றாள் பார்வதம்.

பொய் இல்லை. கூடத்தில் தெற்கே தலை வைத்து, ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

விமானம் மேலே ஏறி, சாப்பாடு வந்தது. பார்வதம் தட்டைத் தொடவில்லை. பிடிக்கவில்லையா, வேறு கேட்கட்டுமா என்று சிவகௌரி இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது, "பொணம் எடுக்காம எப்டிம்மா சாப்புடறது?" என்று பார்வதத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை விஷயத்தையும் சொன்னாள். இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது: ஊரிலிருந்து கிளம்பும்போது மிச்ச மாத்திரை டப்பாவை அவளேதான் பீரோவிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "நான் மாத்திச் சொல்லிட்டம்மா. அந்த மனுசன் தேடித் தேடிப் பாத்துட்டு, மாத்திரை போடாமயே வண்டி எடுத்திருக்கும்."

சிவகௌரி தன் தட்டையும் மூடி வைத்தாள். விமானப் பெண்ணைக் கூப்பிட்டுச் சர்க்கரை நிறையப் போட்டு இரண்டு கோப்பை தேநீர் வாங்கினாள். "தேத்தண்ணி குடிக்கலாம் அம்மா. அதுக்குத் தடையில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "எங்கட அப்பா செத்தது எனக்கு நாலு மாசத்துக்குப் பிறகுதான் தெரியும். சண்டை நேரம்" என்றாள். பார்வதத்தின் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

விமானம் மாறவேண்டிய வளைகுடா ஊரில் இறங்கியபோது புதன்கிழமை மாலை. சென்னை விமானம் போய்விட்டிருந்தது. சிவகௌரியின் கொழும்பு விமானத்துக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. ஆனாலும் அவள் பார்வதத்தோடு வரிசையில் நின்றாள். சக்கர நாற்காலி தள்ளி வந்தவன் அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருந்தான். கவுண்டரில் இருந்தவன் கணினியைப் பார்த்தான். வியாழக்கிழமை விமானம் ரத்து என்றான். சென்னைக் கரையை நெருங்கிக்கொண்டிருக்கிறது ஒரு புயல். வெள்ளிக்கிழமை காலைதான் இடம். சிவகௌரி இங்கிலீஷில் சண்டை போட்டாள், கெஞ்சினாள். அவனும் பாவம், புயலை என்ன செய்வான்? ஒரு புதுச் சீட்டும் சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்தான். விசா இல்லாததால் வெளியே போய்த் தங்கவும் வழியில்லை.

சிவகௌரி ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி, பார்வதத்தின் ஸ்வெட்டரில் ஊக்கால் குத்தினாள். இந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார், தமிழ் மட்டும் தெரியும், வெள்ளிக்கிழமை சென்னை விமானத்தில் ஏற்றிவிடுங்கள் என்று. பிறகு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்தவள் போல ஓடினாள்.

பார்வதத்தின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. சார்ஜர் பெட்டியோடு எங்கேயோ போய்விட்டது. கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே மாதிரி இருந்தது. கடைசியில் பெண்கள் கழிப்பறை வாசலில் சுவரோரம் உட்கார்ந்தாள். ஊரைவிட்டுக் கிளம்பி இத்தனை நாளில், குரல் விட்டு அழுதது அங்கேதான்.

கழிப்பறையைக் கழுவும் பெண் ஒருத்தி மாப்பைச் சாத்திவிட்டு வந்து குந்தினாள். தாளில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியவில்லை. "ஏமயிந்தம்மா?" என்று, என்ன ஆச்சென்று தெலுங்கில் கேட்டாள். "இந்தியாவா? மெட்ராஸா?" பெயர் நாகமணி. கடப்பா பக்கம். சென்னையில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்தவள். தெலுங்கு கலந்த அவள் தமிழ் பார்வதத்துக்குப் போதுமானதாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தன் போனை எடுத்து நீட்டினாள். குமாரின் நம்பரை மட்டும் பார்வதம் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"அம்மா! எங்கம்மா கீற? காத்தால இருந்து ஸ்விட்ச் ஆஃப்னே வருது!"

"பிளேனு பூட்ச்சுடா. வெள்ளிக்கெழமதான் அடுத்ததாம்."

அந்தப் பக்கம் மழை தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் ஜெனரேட்டர் இரைச்சல்.

"கரண்டு இல்லம்மா. பொட்டிக்கு ஜெனரேட்டர் ஓடிக்கினு கீது. நாளைக்குச் சாயங்காலம் புயல் கடக்குதாம். காத்தாலயே எடுத்துடணும்னு பெரிப்பா சொல்றாரு. நான் வுடல. நீ வராம யாரும் கைய வெக்கக் கூடாதுன்னுட்டேன்."

பெரியப்பா என்றது அருணகிரியின் அண்ணன் சடையப்பனை.

"இன்னா மாதிரிடா கீறாரு?"

"தூங்கற மாதிரிதாம்மா கீறாரு."

பார்வதம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, "எடுத்துடுங்கடா" என்றாள்.

"அம்மா..."

"காலமெல்லாம் வெயில்ல வண்டி ஓட்டுன மனுசன். இன்னும் எத்தினி நாளு அந்தக் குளுருல போட்டு வெப்ப? காத்தால எடுத்துடு. பெரிப்பா சொல்றத கேளு."

குமார் அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, "போன அப்பா காதாண்ட வையி" என்றாள்.

பெட்டியின் கண்ணாடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியதும் கேட்டது.

"யோவ்" என்றாள் பார்வதம். "மாத்திரை பீரோவுல இல்லய்யா. ஃபிரிட்ஜு மேல கீது. நான் மாத்திச் சொல்லிட்டேன். நான் வந்துகினேதான் கீறேன், பாதி வழி வந்துட்டேன். நீ எனக்காக நிக்காத. கெளம்பு."

நாகமணி மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று இரவு முழுக்க நாகமணி ஒவ்வொரு முறை கழுவி முடித்ததும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாற்காலிகள் கை இல்லாமல் நீளமாக இருக்கும் ஓர் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே பார்வதத்தைப் படுக்க வைத்து ஒரு கம்பளி போர்த்தினாள். காலையில் அவள் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகவில்லை.

ஏழரை மணிக்கு நாகமணியின் போனுக்குக் குமாரிடமிருந்து இரண்டு வார்த்தை வந்தது. எடுத்தாச்சு அம்மா.

பார்வதம் எழுந்து நின்று, "தலைக்கு ஊத்திக்கணுமே" என்றாள். சாவு விழுந்த வீட்டில் பிணம் போனதும் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். இங்கே ஊற்றிக்கொள்ளக் குழாயடி ஏது?

நாகமணி யோசித்தாள். நீண்ட பயணம் போகிறவர்கள் குளிப்பதற்கென்று ஓர் அறை இருந்தது. சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். அவள் போய்த் தன் மேற்பார்வையாளரிடம் பேசினாள். நேபாளத்துக்காரர். பார்வதத்தின் ஸ்வெட்டரில் இருந்த தாளைப் படித்தார். அறைக் கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே குழாயைத் திருகினால் மேலிருந்து மழை மாதிரி கொட்டியது. பார்வதத்துக்கு அது சரிப்படவில்லை. நாகமணி தங்கள் ஓய்வறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கழுவிக் கொண்டுவந்தாள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்று, ஜக்கில் தண்ணீர் பிடித்து, புடவையோடு உட்கார்ந்திருந்த பார்வதத்தின் தலையில் மூன்று முறை ஊற்றினாள். மூன்றாவது முறை அவளும் அழுதாள். அவள் யாரை நினைத்து அழுதாளோ!

மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது பார்வதத்தின் நெற்றி வெறிச்சென்றிருந்தது. பொட்டு தண்ணீரோடு போயிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாகமணி தன் பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்து அவள் நெற்றியில் வைத்தாள்.

"ஊருக்குப் போயி எடுத்துக்கலாம்மா. ஜனம் இருக்கும், கூட அழுவாங்க. இங்க தனியா வேணாம்."

பிறகு தன் டப்பாவில் இருந்த தயிர்ச் சாதத்தைப் பாதியாகப் பிரித்தாள். "எடுத்தாச்சு இல்ல? இப்போ தின்னலாம்." இரண்டு நாளைக்குப் பிறகு பார்வதம் சாப்பிட்டாள்.

ஸ்வெட்டரில் இருந்த தாளைப் படித்தவர்கள் ஏற்றிவிட, வெள்ளிக்கிழமை சென்னையில் இறங்கினாள். பெட்டி வரவில்லை. ஒரு தாளில் கைநாட்டு மாதிரி ஏதோ கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மொட்டைத் தலையோடு குமார் நின்றிருந்தான். முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

கார் நாவலூரைத் தாண்டியது. சாலையோரம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. சர்வீஸ் ரோடு முழுக்கத் தண்ணீர். பிறகு அவளே கேட்டாள்.

"அப்பா மாத்திரை போட்டாராடா?"

"போட்டாரும்மா. தேடிப் பாத்துட்டு அவரே மெடிக்கல்ல போயி புதுசா வாங்கினு வந்தாரு. சட்டப் பையில அட்டை கீது. டாக்டரு ஹார்ட்டுன்னுதான் சொன்னாரு. மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

பார்வதம் தலையசைத்தாள். கல் ஒன்று இறங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் தனியாக மெடிக்கல் கடைக்கு நடந்து போன ஆளை நினைத்ததும் தாங்க முடியாமல் போயிற்று. படூர் வரும்வரை அழுதாள்.

வாசலில் சடையப்பன் நின்றிருந்தார். எழுபது வயது மனிதர், தம்பி மனைவி எதிரே கையைக் கட்டிக்கொண்டு, "உன் மொகத்த காட்டாம தூக்கிட்டம்மா. என்ன மன்னிச்சுடு" என்றார்.

"நான்தான் மாமா தூக்கச் சொன்னேன்" என்றாள் பார்வதம்.

கூடம் கழுவிவிட்டிருந்தது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பூவையும் வளையலையும் பற்றி ஒருத்தி மெல்லப் பேச்செடுத்தாள். "பதினாறாம் நாளு ஆகட்டும்" என்றாள் பார்வதம்.

புயலால் அஸ்தி கரைப்பது தள்ளிப் போயிருந்தது. சனிக்கிழமை காலை முட்டுக்காட்டுக்குப் புறப்பட்டார்கள். பெண்கள் வரும் வழக்கமில்லை. பார்வதம் யாரையும் கேட்காமல் வேனில் ஏறி உட்கார்ந்தாள். சடையப்பன் குமாரைப் பார்த்தார். பிறகு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

காயல் கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. புயல் இழுத்துவந்த ஆகாயத்தாமரையும் ஓலையும் கரை முழுக்கக் கிடந்தன. குமார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். "இருடா" என்று பார்வதமும் இறங்கினாள். இழுப்பு பலமாக இருந்தது. அவன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டான். அவள் கலயத்துக்குள் கைவிட்டாள். சாம்பல் குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். குமார் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவளே கலயத்தைச் சாய்த்தாள்.

கரையேறும்போது பூங்கொடி போன் செய்தாள். திரையில் அவள் முகம் வீங்கியிருந்தது. பின்னால் குழந்தை வீறிட்டது.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது. அப்பாவ நல்லா அனுப்பிட்டோம். கொழந்த ஏன் இப்டி கத்துது? பசிக்குது பாரு, போயி தூக்கு."

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றினாள். யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தாள். பிறகு கூடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையில் படுத்தாள். நாலு நாளாகக் கிடைத்த இடத்தில் அரைகுறையாகக் கண்ணயர்ந்தவள், அன்றுதான் காலை நீட்டித் தூங்கினாள். வந்தவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். பொழுது சாயும்வரை அவளை யாரும் எழுப்பவில்லை.