சைரன் அடிக்காத வண்டி

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் தங்கச் சுரங்க ஊர் ஊரிகம் பக்கம் வந்தால், மேக்ஸ்வெல்லின் வலது கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நான் ரூபேஷ். வண்டிப் பைத்தியம். ராபர்ட்சன்பேட்டையில் கார் ஆக்சசரீஸ் கடையில் வேலை. விலை குறைந்த கார் அலாரங்களை மாட்டி, தட்டி, உதைத்து, எது தேறும் எது தேறாது என்று வீடியோ போடுவேன். பாதி அலாரம் பூனை ஏறினாலே ஊரைக் கூட்டும். மீதிப் பாதி, கடப்பாரையால் அடித்தாலும் வாயைத் திறக்காது.

மேக்ஸ்வெல் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. பெங்களூரில் யாருடைய வண்டியையோ ஓட்டிக்கொண்டிருந்தவன், சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். அடுத்து வரும் திங்கட்கிழமை முதல் ஏர்போர்ட் ஓட்டம். வினோலியாவுக்கு, அதாவது அவன் மனைவிக்கு, ஏழாம் மாதம். அவர்கள் இருப்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு; வண்டி நிறுத்த இடமில்லை, தெருமுனையில்தான் விட வேண்டும். அங்கே ஒரே வாரத்தில் மூன்று வண்டிகளில் பேட்டரி திருடு போயிருந்தது. இந்த வண்டிக்கு ஏதாவது ஆனால் அவன் பழையபடி அடுத்தவன் வண்டிக்கு டிரைவர்.

"நல்லதா ஒண்ணு போடு மச்சா. ஆனா சீப்பா இருக்கணும்."

"இன்னாடா இது, மாமியாரும் வேணும் நிம்மதியும் வேணும்ன்ற?"

"டேய், மாமியார் பேச்சை எடுக்காத. வினோலியா காதுல உழுந்தா நீ காலி."

ஞாயிறு சர்ச் முடிந்து அவன் வந்தான். லைனுக்குள் சைரனைச் சோதித்தால் அடிக்க வருவார்கள். அதனால் சைனைடு மேட்டுக்குக் கீழே இருக்கும் காலி மைதானத்துக்குப் போனோம். சுரங்கத்துக் கழிவு மண் மலைபோலக் கிடக்கும் இடம். நல்ல வெயில். ஆள் கிடையாது. காற்று அடித்தால் வெள்ளைத் தூள் பறக்கும்.

அலாரத்தை மாட்டி முடித்தேன். பானெட்டுக்குள் சைரன். டேஷ்போர்டுக்கு அடியில், வண்டி அதிர்ந்தால் கண்டுபிடிக்கும் சென்சர். கையில் சின்னத் திரை வைத்த ரிமோட். வண்டியை யாராவது தட்டினால் ரிமோட் துடிக்கும், திரையில் சுத்தியல் படம் வரும்.

ரப்பர் சுத்தியால் பானெட்டில் மெல்லத் தட்டினேன். கீக்... கீக்.

ஓங்கி அடித்தேன். காது கிழிந்தது.

"சக்கத் குரு! சூப்பர்டா!" என்று மேக்ஸ்வெல் குதித்தான்.

அடுத்து, ரிமோட் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டியைப் பூட்டிவிட்டு மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தோம்.

ரிமோட் துடித்தது.

திரையில் சுத்தியல்.

திரும்பிப் பார்த்தேன். வண்டிப் பக்கத்தில் யாரும் இல்லை. நாய்கூட இல்லை. மறுபடி துடித்தது. மறுபடி. அப்புறம் சைரன் அலறியது.

"ஏர்பிளாஸ்ட்டுடா" என்றான் மேக்ஸ்வெல், கொட்டாவி விட்டபடி.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தை மூடி வருஷக்கணக்காகியும், கீழே எங்கேயாவது பாறை வெடிக்கும். தரை ஒரு உதறு உதறும். அலமாரியில் பாத்திரம் ஆடும். நாங்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டோம். எங்கள் ஊரில் மட்டமான சென்சர் எல்லாம் இதற்குத்தான் கத்தித் தொலைக்கும். எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன்.

அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலுக்கடியில் தரை அதிர்ந்ததா என்றுகூட யோசிக்கவில்லை. நேராகப் போய், சென்சரின் திருகை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்தேன்.

அப்போது மேக்ஸ்வெல் பின் சீட்டைப் பார்த்தான்.

"பின்னாடி பெல்ட்டை நீ மாட்டுனியா?"

"நா எதுக்குடா மாட்றேன்?"

ஆள் இல்லாத சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. லூசாக இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படி முன்னால் தள்ளி நிற்குமோ... அப்படி நின்றது.

பொத்தானை அழுத்தினான். சட்டென்று உள்ளே ஓடியது. "பழைய வண்டின்னா இப்டித்தான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கடைசிச் சோதனை. திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தால் அலாரம் கத்த வேண்டும். அதற்கு உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து, பூட்டிய பிறகு கதவுப் பிடியை இழுக்க வேண்டும். மேக்ஸ்வெல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். நான் வெளியே நின்று பூட்டினேன். ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் போன். வீடியோ ஓடியது.

மணி இரண்டு பத்து.

"இழுடா!" என்று கத்தினேன்.

அவன் பிடியைப் பிடித்தான். இழுக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த ரியர்வியூ கண்ணாடியில், பின் சீட்டில் எதையோ பார்த்தான்.

அப்புறம் அவன் தலை ஸ்டியரிங்கில் மோதியது.

டம்.

நடிக்கிறான் என்று நினைத்தேன். வீடியோவுக்காக.

டம். டம்.

வண்டி ஆடியது. நாலு டயரும் அழுந்தி எழும்பின. சைரன் வரவில்லை. ரிமோட் துடிக்கவில்லை. திருகைக் குறைத்தது நான்தானே...

அவன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

"மேக்ஸு!"

பொத்தானை அழுத்தினேன். க்ளக். பூட்டு திறந்தது. நான் கதவைத் தொடுவதற்குள்... க்ளக். உள்ளிருந்து பூட்டிக்கொண்டது.

மறுபடி. க்ளக். க்ளக்.

மேக்ஸ்வெல்லின் இரண்டு கையும் ஜன்னல் கண்ணாடியில் இருந்தன. பூட்டியது அவன் இல்லை.

அவன் தலைமயிரை எதுவோ பிடித்து இழுப்பது தெரிந்தது. மயிர் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது. இழுத்த கை இல்லை.

கண்ணாடியில் ரத்தம் தெறித்தது.

வீல் ஸ்பேனரை எடுத்தேன். ஓங்கி அடித்தேன். கண்ணாடி பொடிந்தது.

அப்போதும் சைரன் இல்லை.

உள்ளே கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை. அவன் வலது கை பின்னால், சீட்டுகளுக்கு நடுவில், விறைத்து நீண்டிருந்தது. யாரோ வாயில் கவ்விக்கொண்டு இழுப்பதுபோல.

எலும்பு நொறுங்கும் சத்தம்.

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். மேக்ஸ்வெல் இல்லை. அவன் அலறிக்கொண்டிருந்தான்.

காலை வண்டியில் உதைத்து இழுத்தேன்.

விட்டது. ஜன்னல் வழியே வெளியே வந்தான்.

இரண்டு பேரும் வெள்ளை மண்ணில் விழுந்தோம். க்ளக். பூட்டியே இருந்த கதவு உள்ளிருந்து மறுபடி ஒரு தடவை பூட்டிக்கொண்டது.

வண்டியை, டூல்பாக்ஸை, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அவனை ரோடு வரை தூக்கி ஓடினேன். ஒரு ஆட்டோ கிடைத்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வினோலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாடா பண்ண என் புருசனை? சொல்லுடா!"

"அக்கா... ஏர்பிளாஸ்ட்டுன்னு நெனச்சோம்..."

"இன்னிக்கா? வீட்லதான இருந்தேன். ஒரு டம்ளர்கூட ஆடல."

உள்ளே டாக்டர் லூயிசா மேக்ஸ்வெல்லின் கைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நாய் கடித்தது என்று சொல்லியிருந்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இடுக்கியில் எதையோ பிடித்திருந்தார்.

"எலும்புல குத்திக்கிட்டு இருந்துது. நாய்ப் பல்லு இப்டி இருக்காதுப்பா."

மனிதப் பல். பழுப்பு நிறம். மேக்ஸ்வெல்லின் பற்கள் எல்லாம் வாயில் அப்படியே இருந்தன. என்னுடையதும்.

"இதோட வேரைப் பாரு. செத்து ரொம்ப வருசம் ஆன பல்லு."

மூன்று நாள் கழித்து, பட்டப்பகலில், மெக்கானிக் முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். உடைந்த ஜன்னலோடு மூன்று ராத்திரி நின்ற வண்டி. பேட்டரி கழற்றும் கும்பல் இருக்கும் ஊர். ஒன்றும் மிச்சம் இருக்காது என்று நினைத்தேன்.

பேட்டரி இருந்தது. ஸ்டீரியோ இருந்தது. திறந்து கிடந்த டூல்பாக்ஸில் ஒரு ஸ்குரூடிரைவர்கூடக் குறையவில்லை.

டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே, மண்ணில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. எங்களுடையது இல்லை. பக்கத்தில் யாரையோ தரதரவென்று இழுத்த தடம். அதில் காய்ந்த ரத்தம்.

முனிரத்தினம் செருப்பைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். "நா வரலப்பா" என்று திரும்பி நடந்தார். வண்டியை எடுத்து வர வேறு யாரும் இதுவரை வரவில்லை. வண்டி அங்கேயே நிற்கிறது.

மேக்ஸ்வெல்லுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. வண்டி பத்திரமாக இருக்கிறது. ஓட்டக் கை இல்லை.

வீடியோ இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் மேக்ஸ்வெல் மட்டும்தான் தெரிகிறான். போட மாட்டேன்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் லூயிசா கதவைச் சாத்தினார்.

"அதே ஞாயித்துக்கெழம ராத்திரி இன்னொரு பையன் வந்தான். தொடையில கடி. எங்க, எப்டின்னு கேட்டா வாயே தொறக்கல. விடியறதுக்குள்ள எழுந்து நொண்டிக்கிட்டே ஓடிட்டான். ஒத்தைச் செருப்போட."

மேசை டிராயரைத் திறந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தார். உள்ளே இரண்டு பல். வெளியே எடுத்து, உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார்ந்தன.

"ஒரே வாயி" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் பண்ணினார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. அவரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"மூணு."